காதை எடுக்காத மிசி

நாம் பேசி முடித்துவிட்டோம் என்பதை அவர் ஒருபோதும் உடனே நம்பியதில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு நாம் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்த பிறகும், தலையைச் சற்றே இடப்புறம் சாய்த்து, நம் தோளுக்கு அப்பால் எங்கோ பார்த்தபடி காத்திருப்பார். அந்த மௌனம் கனமானது. தாங்க மாட்டாமல் நாம் இன்னொன்றையும் சொல்லிவிடுவோம். பெரும்பாலும் அந்த இரண்டாவதுதான் நாம் சொல்ல வந்ததாக இருக்கும்.

பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மருத்துவிச்சியாக இருந்தவர். எல்லோருக்கும் அவர் மிசி. தாதியரையும் மருத்துவிச்சியரையும் எங்கள் பக்கம் அப்படித்தான் அழைப்பார்கள். ஆங்கிலம் கற்பிக்க நான் அங்கே மாற்றலாகிப் போனபோது அவர் ஓய்வு பெற்று, கடைவீதிக்கு மேலே ஒரு சிறு வீட்டில் தனியாக இருந்தார். பின்னறையை எனக்குத் தந்தார். ஐந்து ஆண்டுகள் ஒரே பலகைச் சுவரின் இருபுறமும் வாழ்ந்தோம்.

அவர் வீட்டு அலமாரியில், மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில், கறுத்துப்போன மரத்துண்டு ஒன்று நின்றது. இரு முனைகளும் அகன்று நடுவில் ஒடுங்கிய ஒரு குழல். அதை மெழுகுவர்த்தித் தாங்கி என்றே நினைத்திருந்த நான், மின்சாரம் நின்ற ஒரு மாலையில் அதன் வாயில் ஒரு மெழுகுவர்த்தியைச் சொருகப் போனேன்.

"ஐயோ டீச்சர், அது காதுங்க!" என்று பாய்ந்து வந்து பறித்துக்கொண்டார்.

ஒரு முனையைக் கருவுற்ற தாயின் வயிற்றில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்துப் பிள்ளையின் இதயத்தைக் கேட்கிற குழல் அது. காது பட்டுப் பட்டு அந்த முனை மட்டும் கண்ணாடிபோல வழவழத்திருந்தது.

அந்தக் குழலோடு அவர் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயத்துக்குள் நுழைந்தால், அந்த வரிசையின் பன்னிரண்டு காம்பரா அறைகளும் வாய்மூட வேண்டும் என்பது அக்காலத்துச் சட்டம். வானொலிகள் அணையும், நாய்களைக் குன்றுக்கு ஓட்டிவிடுவார்கள். ஒருமுறை குடித்துவிட்டுப் பாடிக்கொண்டிருந்த ஒருவன் அடங்க மறுத்தானாம். மிசி அவன் வாசலில் போய் நின்று, "உன் பொண்டாட்டி வயித்துல நான் காது வச்ச அன்னைக்கு இந்த லயமே மூச்ச அடக்கிக்கிட்டு நின்னுச்சு. அந்தக் கடன இன்னைக்குக் கட்டு" என்றாராம். அவன் அழுதுவிட்டான் என்றும், அழுகைச் சத்தமும் ஆகாது என்று அதையும் நிறுத்தச் சொன்னார் என்றும் பெண்கள் சிரித்தபடி சொல்வார்கள்.

மழைக்கு மட்டும் சட்டம் செல்லாது. தகரக் கூரைமேல் அடைமழை இரையும்போது குழலில் ஒன்றும் கேட்காது. அப்போது ஆண்களைக் கூரைமேல் ஏற்றி, கொழுந்துச் சாக்குகளை விரிக்கச் சொல்வாராம். சாக்கில் விழும் மழைக்கு ஓசை இல்லை. மேலே நனைந்துகொண்டு நாலைந்து ஆண்கள் சாக்குகளைப் பிடித்திருக்க, கீழே விளக்கருகே இவர் கண்ணை மூடிக் குனிந்திருப்பார். எனக்குத் தெரிந்த எத்தனையோ பெரிய மனிதர்கள் பேசியபோது ஊர் அடங்கியிருக்கிறது. ஒருவர் கேட்பதற்காக வானத்தையே அடக்கியதை நான் வேறெங்கும் அறிந்ததில்லை.

செல்வியின் தாலி தொலைந்த செய்தியும் அந்தக் காதுக்குத்தான் முதலில் எட்டியது.

செல்வி கீழ் டிவிசனில் கொழுந்து பறிப்பவள். அவள் கணவனுக்கு இதயத்தில் கோளாறு. கண்டி ஆஸ்பத்திரியில் அறுவைக்கு நாள் குறித்திருந்தார்கள். அவன் நலனுக்காக மாமியார் வைத்த நேர்த்திக்கடன் ஒன்றைத் தீர்க்க, சித்திரை விடுமுறையில் தோட்டத்தார் சேர்ந்து பிடித்த பஸ்ஸில் செல்வியும் திருகோணமலைக்குப் போய்வந்தாள். வந்த மூன்றாம் நாள் மிசியிடம் வந்தாள்.

"தலை சுத்துதுங்க மிசி. பிரஷர் பாருங்க."

மிசி பார்த்தார். குறை ஒன்றுமில்லை என்றார். கருவியைச் சுருட்டிப் பெட்டியில் வைத்துவிட்டுத் தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். செல்வி சிறிது நேரம் தன் கால் விரல்களைப் பார்த்தாள். பிறகு ரவிக்கைக்குள் கையை விட்டு மஞ்சள் கயிற்றை வெளியே இழுத்தாள். கயிற்றின் நுனியில் ஒரு மஞ்சள் துண்டுதான் தொங்கியது.

நடந்தது இதுதான். கோவிலுக்குப் போன பின், வடக்கே ஒரு கடற்கரையில் பஸ்ஸை நிறுத்தி, மூன்று கல் வைத்துச் சமைத்திருக்கிறார்கள். குளிக்க இறங்கும்போது, கடல் கழுத்திலிருப்பதை இழுத்துவிடும் என்று யாரோ எச்சரிக்க, செல்வி தாலியையும் அதன் இரண்டு தங்கக் குண்டுகளையும் சங்கிலியோடு கழற்றிக் கைக்குட்டையில் முடிந்தாள். பைக்குள் வைத்தால் பஸ்ஸில் யாராவது எடுத்துவிடுவார்கள். கண்ணுக்கெதிரே இருக்க வேண்டும். ஆகவே, தோட்டத்தில் ஊற்றுநீர் விழும் பீலிக்கரையில் குளிக்கும்போது மாற்றுத்துணியையும் சவர்க்காரத்தையும் வைப்பாளே, அதுபோலவே நீரின் ஓரத்தில் வைத்து, அதன்மேல் ஒரு கல்லையும் வைத்துவிட்டு இறங்கினாள்.

மலையில் பீலித் தண்ணீர் தலைமுறை தலைமுறையாக விழுந்த இடத்திலேயே விழும். ஓரம் என்றால் ஓரம்தான். கடலில் ஓரம் நடந்து வரும் என்று செல்விக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. குளித்துவிட்டுத் திரும்பியபோது கல்லும் இல்லை, முடிச்சும் இல்லை, எந்த இடம் என்பதும் இல்லை.

"மாமிக்குத் தெரியாதுங்க. அவருக்கும் தெரியாது. அவர ஆப்பரேசனுக்கு உள்ள கொண்டுபோற நேரத்துல என் கழுத்து இப்பிடி இருக்கக் கூடாதுங்க மிசி. இருந்தா..."

மிசிக்குச் சகுனத்தில் நம்பிக்கை கிடையாது. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "முடிச்சு இறுக்கமா போட்டியா?"

"ரெண்டு முடிச்சுங்க."

"அப்ப அது ஒண்ணாத்தான் கிடக்கும்" என்றார்.

அன்று மாலை பலகைச் சுவரைத் தட்டினார். "டீச்சர், தண்ணிக்குள்ள இரும்பு, தங்கம் எல்லாம் தேடுற மிஷினு ஒண்ணு இருக்காமே? அதப்பத்தி இங்கிலீசுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க."

புதையல் தோண்டுகிறவர்களுக்குப் பயந்து, நம் நாட்டில் அந்தக் கருவியை அனுமதியின்றி யாரும் வைத்திருக்கக் கூடாது. விசாரித்ததில், எங்கள் கடைவீதி இரும்புக்கடை முதலாளியின் உறவினர் ஒருவர் திருகோணமலைப் பக்கம் கிண்ணியாவில் இருப்பது தெரிந்தது. மூழ்கிய நங்கூரங்களையும் படகு எஞ்சின்களையும் அனுமதிப் பத்திரத்தோடு தேடி எடுப்பவர். அவரிடம் மூன்று வகைக் கருவிகள் இருந்தன. எது வேண்டும் என்று தொலைபேசியில் கேட்டார். மிசி ஒரு வாரம் தவணை கேட்டார்.

அந்த வாரத்து மாலைகளை நான் மறக்க மாட்டேன். கைப்பேசித் திரையில் நான் ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் சொல்வேன். அவர் கண்ணை மூடிக் கேட்பார். முதலாவது கருவி இலேசானது. ஒரே அலைவரிசையில் இயங்குவது. காய்ந்த மணலில் நன்றாகத் தேடும். ஆனால் அதன் வட்டத் தட்டு மட்டுமே நீரில் நனையலாம். மேலே உள்ள பெட்டி நனையக் கூடாது. அதோடு, உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துவதால், ஈர மணலையே உலோகம் என்று எண்ணிக் கத்தும்.

"வாயாடி" என்று மிசி அதைத் தள்ளினார்.

இரண்டாவது, ஒரே நேரத்தில் பல அலைவரிசைகளை அனுப்புவது. முழுவதும் நீருக்குள் மூழ்கலாம். உப்பைக் கணக்கிட்டுக் கழித்துவிடும். ஆணி எது, தகரம் எது என்று இனங்கண்டு, வேண்டாதவற்றுக்கு வாய் திறக்காது. எல்லாரும் புகழ்ந்திருந்தது அதைத்தான். எனக்கும் அதுவே சரியென்று பட்டது.

"எதைக் கேக்கும்னு சொன்னீங்க. எதைக் கேக்காம விடும் டீச்சர்?"

"ஆணி, போத்தல் மூடி, சிகரட் பெட்டி வெள்ளித்தாள்..."

"மெல்லிசுத் தங்கம்?"

நான் மறுபடியும் தேடினேன். ஒரு பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருந்தது. மெல்லிய சங்கிலியும் சிறு தங்கமும் பல வேளைகளில் வெள்ளித்தாளின் ஒலியையே தரும். வடிகட்டியைப் போட்டால் இரண்டும் சேர்ந்தே மறையும். படித்துக் காட்டினேன். புத்தகங்களோடு வாழ்ந்தவள் நான். இத்தனை பக்கங்களில் நான் ஒருமுறைகூடக் கேட்காத கேள்வியை அவர் முதல் மூச்சில் கேட்டுவிட்டார் என்பது எனக்குச் சற்றுக் கூச்சமாகவே இருந்தது.

மூன்றாவது கருவியை யாரும் புகழவில்லை. கனமானது, தங்கத்துக்கும் துருவுக்கும் வேறுபாடு சொல்லத் தெரியாதது. உப்பும் கருமணலும் அதைக் குழப்பாது என்பது ஒன்றே அதன் பெருமை. அது இயங்கும் விதத்தைப் படித்தேன்: நிலத்துக்குள் ஒரு துடிப்பை அனுப்பும், உடனே நிறுத்தும், நிறுத்திய அந்த இடைவெளியில் எதிரொலி வருகிறதா என்று கேட்கும், மறுபடி துடிப்பு, மறுபடி இடைவெளி.

மிசி கண்ணைத் திறந்தார். "நிறுத்திட்டுக் கேக்குதா?"

"ஆமாம்."

"அப்ப அது நம்ம ஆளுங்க டீச்சர்." சிறு பெண்போல அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

ஆனாலும் கேட்காமல் நம்புகிறவர் அல்லவே. கிண்ணியாக்காரரிடம், "மூணையும் கொண்டாங்க நானா. நான் காதுல வச்சுப் பாத்துத்தான் சொல்லுவேன்" என்றார்.

நாங்கள் மூவரும் திருகோணமலைக்குப் புறப்பட்டபோது, மடுமாதா கோவிலுக்கு மிசிக்குத் துணையாகப் போவதாகச் செல்வி தன் வீட்டில் சொல்லியிருந்தாள். பஸ்ஸில் அதை அறிந்த மிசியின் முகம் சுருங்கியது. "அப்ப திரும்புற வழியில மடுவுக்கும் போயே ஆகணும். பொய்யில ஆரம்பிச்சாலும் உண்மையில முடியட்டும்" என்றார். அப்படியே போனோம்.

முஸ்லிம் அண்ணன்மாரை அழைப்பதுபோல மிசி நானா என்று அழைத்த அந்தக் கிண்ணியாக்காரர் உயரமான, சிரிப்பு முகத்துக்காரர். தோட்டத்தார் பஸ் நின்ற இடத்தை, அவர்கள் சமைத்த கற்களின் கரியைக் கொண்டு கண்டுபிடித்தோம். மணலில் கறுப்புக் கோடுகள் ஓடின. நீரோரத்தில் மிசி தன் கழுத்திலிருந்த சிறு தங்கச் சிலுவையைக் கழற்றினார். அதில் ஒரு முழம் வெள்ளை நூலைக் கட்டி, ஈர மணலில் ஒரு சாண் ஆழத்தில் புதைத்து, நூலின் நுனியைத் தன் கால் பெருவிரலில் சுற்றிக்கொண்டார்.

"அம்மா கெட்டிக்காரிதான்! கடலுக்கு மூக்கணாங்கயிறு போடுறாங்க" என்றார் நானா.

"ஒரு தாலி போனது போதும் நானா. சிலுவையும் போச்சுன்னா எங்க சாமியார் என்னைய உள்ள விட மாட்டாரு."

முதல் கருவி மணலைத் தொட்டதுமே ஓயாமல் கூவியது. இரண்டாவது கண்ணியமாக இருந்தது. சிலுவைக்கு மேலேயும் கண்ணியமாகவே இருந்தது, ஒரு முணுக்குகூட இல்லை. வடிகட்டியை முற்றாகத் திறந்துவிட்டுப் பார்த்தார் நானா. அப்போது கருமணலுக்கெல்லாம் அது விடாமல் முனகியது. மூன்றாவதை மிசி தானே வாங்கினார். பெட்டியை இடுப்பில் கட்டி, நீர் புகாத காதொலிப்பானைக் காதில் மாட்டி, தட்டை மணலுக்கு மேல் நெருக்கமாக, கோலத்துக்குப் புள்ளி வைக்கிற நிதானத்தோடு நகர்த்தினார். நூல் மணலுக்குள் இறங்கிய இடத்தில் தட்டை நிறுத்தினார்.

"கேக்குது" என்றார்.

"அது குப்பை எல்லாத்துக்கும் கத்தும்மா. ஒவ்வொரு ஆணிக்கும் தோண்ட வேண்டி வரும். ஏலாது உங்களுக்கு" என்றார் நானா.

"தோண்டுவோம். வேண்டியது எது, வேண்டாதது எதுன்னு பிரிக்கிற வேலைய மிஷினுக்குக் குடுக்க மாட்டேன். அது கேட்டுச் சொல்லட்டும். பிரிக்கிறதுக்குத்தான் நாம இருக்கோம்."

நானா கரையோரத்துப் பள்ளத்தைக் காட்டினார். அலை உடைந்து திரும்பும் இடத்தில், இடுப்பளவு நீருக்கு அடியில் மணல் ஒரு வாய்க்கால்போலக் குழிந்திருக்கும். கனமானவை எல்லாம் உருண்டு அங்கேதான் போய் உட்காருமாம். மிசி தன் பழைய வெள்ளை வேலைச்சட்டையோடு இறங்கினார். அதுவரை அணைக்கட்டு நீரைத் தவிர வேறு பெருநீரை அறியாத பெண்மணி. அலை ஒவ்வொன்றும் அவரைத் தள்ளியது. ஒவ்வொரு முறையும் ஓரடி பின்வாங்கி, விட்ட இடத்துக்கே திரும்பிவந்து நின்றார். அவர் கை காட்டிய இடத்தில் நானா நீண்ட காம்புடைய துளைக்கூடையால் அள்ளுவார். மணல் நீரோடு வடிந்துபோக எஞ்சுவதைச் செல்வி ஓடிவந்து பார்ப்பாள். தூண்டில் முள், போத்தல் மூடி, டின்மீன் தகரத் துண்டு, மறுபடி மூடி. ஒருமுறை நானும் அந்தக் காதொலிப்பானைக் காதில் வைத்துப் பார்த்தேன். கடலின் இரைச்சலுக்கு அடியில் ஒரு மெல்லிய ரீங்காரம், அவ்வளவுதான். அதில் எதுவும் மாறுவதாக எனக்குத் தெரியவில்லை. அவரோ அதில் ஆழத்தையும் அளவையும் படித்துக்கொண்டிருந்தார். அருகே நிற்கவே அச்சமாக இருந்தது.

அன்று ஒன்றும் கிடைக்கவில்லை. வெயில் தாழ்ந்தபின் கரியேறிய அந்தக் கற்களின் பக்கத்தில் அமர்ந்திருந்தோம். மிசியின் காதோரம் காதொலிப்பான் அழுத்திச் சிவந்திருந்தது.

"எப்பிடிங்க மிசி உங்களுக்கு அலுக்காம இருக்கு?" என்று கேட்டாள் செல்வி.

மிசி கடலைப் பார்த்தபடி சொன்னார்: "வேலைக்கு வந்த ரெண்டாவது வருசம். ஒரு அம்மா வயித்துல குழல வச்சேன். ஒரு துடிப்பு, குதிர ஓடுற மாதிரி, அவ்வளவு நல்லாக் கேட்டுச்சு. சந்தோசத்துல காத எடுத்துட்டேன்." சிவந்த காதைத் தடவினார். "ரெண்டு இருந்துச்சு புள்ள. ஒண்ணுக்கு மட்டுந்தான் நான் தயாரா இருந்தேன். ரெண்டாவதுக்கு நேரம் பத்தல."

செல்வி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். நான் ஏதாவது ஆறுதல் சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன். அவருக்கு முன்னால் முதன்முறையாக, அவர் எல்லோருக்கும் செய்ததை நான் செய்தேன். காத்திருந்தேன்.

நெடுநேரத்துக்குப் பின் அவர் அடுத்ததைச் சொன்னார். "அந்த அம்மா என்னைய ஒரு வார்த்த கேக்கலைங்க டீச்சர். கும்பிட்டாங்க. மூத்தது பொழச்சதுக்கு என்னையக் கும்பிட்டாங்க."

செல்வியின் கணவன் பிழைத்தான் என்பதையும், இன்றும் தோட்டத்துக் காவல் வேலையில் இருக்கிறான் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. அதற்கு முன்பு, மறுநாள் காலையில் நான் கண்டது.

மறுநாள் வெயில் ஏறிய வேளை. பள்ளத்தின் வடகோடியில் மிசி சட்டென நின்று கையை உயர்த்தினார். ஒலி இவ்வளவு பெரிதாக முன்பு எங்கும் வரவில்லை என்று அவர் முகமே சொல்லியது. நானா அள்ளினார். இரண்டாவது அள்ளலில் வந்தது: ஒரு சாண் நீளத்தில், துருவேறிப் புடைத்த படகு ஆணி.

செல்வி அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிக் கரையை நோக்கி நடந்தாள். அவள் தோள்கள் குலுங்கின. பகல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். நானா கூடையைத் தோளில் போட்டார். "முடிஞ்சிதும்மா. இஞ்ச இனி ஒண்டும் இரிக்காது. நீங்க செஞ்சது பெரிய வேலை" என்றார். நானும் நீரை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

மிசி வரவில்லை. அந்த ஆணி கிடந்த அதே குழிக்குள் தட்டை மறுபடி இறக்கினார். தலை இடப்புறம் சாய்ந்தது. அலை ஒன்று மார்புவரை ஏறி இறங்கியது; அவர் அசையவில்லை.

"நானா," என்றார். குரல் மெல்லியதாக இருந்தது. "ஆணி சத்தம் போட்டதுல இது கேக்காம இருந்திருக்கு. அள்ளுங்க. மெதுவா."

கூடை மேலே வந்தது. மணல் வடிந்தது. சிப்பித் துண்டுகளுக்கு நடுவே, பழுப்பேறிய ஒரு துணி உருண்டை, இரண்டு முடிச்சுகளோடு. செல்வி ஓடிவந்த வேகத்தில் நீருக்குள் விழுந்தாள். விழுந்தபடியே அதைப் பற்றினாள். பற்களால் முடிச்சை அவிழ்த்தாள். தாலியும், இரண்டு குண்டுகளும், நூல்போன்ற சங்கிலியும் உள்ளங்கையில் விழுந்தன. அவள் அலறியது மகிழ்ச்சியா அழுகையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. நானா வானத்தைப் பார்த்து இறைவனைப் புகழ்ந்தார். நான் செல்வியைத் தூக்கி நிறுத்தி அணைத்துக்கொண்டேன். மூவரும் சேர்ந்து மிசியைத் தேடித் திரும்பினோம்.

அவர் எங்களைப் பார்க்கவில்லை. தேடியது கிடைத்துவிட்டது, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, அந்தக் குழியில் இனி எடுக்க ஒன்றும் இல்லை. இருந்தும் அவர் தட்டை மீண்டும் அதற்குள் இறக்கியிருந்தார். கண்கள் மூடியிருந்தன. ஒரு கை காதொலிப்பானைக் காதோடு அழுத்தியிருந்தது.

செல்வி கூப்பிட வாயெடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். நானாவும் பேசவில்லை. அலைகளை அடக்க எங்களிடம் சாக்குகள் இல்லை. எங்களால் இயன்றதெல்லாம் மூச்சை அடக்கி நிற்பதுதான். நின்றோம், அவர் காதை எடுக்கும் வரை.